குடும்பத்தில் ஓடும் நோயும் குடும்பத்தின் மௌனமும்

நம் வீடுகளில் சில நோய்களுக்குப் பெயர் கிடையாது. சர்க்கரை வந்தால் சர்க்கரை என்போம். இரத்தக்கொதிப்பு வந்தால் கொதிப்பு என்போம். புற்றுநோய் வந்துவிட்டால் மட்டும் அது 'அந்த வியாதி' ஆகிவிடுகிறது. மவ்த்தான பிறகும் பெயர் வருவதில்லை. 'வயிற்றில் கட்டி இருந்தது' என்பார்கள். 'இளைத்துப்போய்ப் போய்ச் சேர்ந்தார்' என்பார்கள். பெண்களுக்கே உரிய உறுப்பில் வந்திருந்தால் அந்த அரைப்பெயரும் இல்லை. ஜனாஸாவை அடக்கி, மூன்றாம் நாள் ஓதி முடித்ததும், நோயும் மண்ணுக்குள் போய்விட்டதாக எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம்.

பாலவாக்கத்தில் மாலை நேர மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதும், ஞாயிறு காலையில் பெண்களுக்கு வகுப்பு எடுப்பதும் நம் பணி. நாம் பெற்றது இஸ்லாமியக் கல்வியில் ஒரு டிப்ளமோ; ஆலிமா பட்டம் நம்மிடம் இல்லை. ஆயினும் தெருவில் 'ஆலிமா' என்றே அழைக்கிறார்கள். திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது. அந்த அழைப்போடு கேள்விகளும் வருகின்றன. பெரும்பாலும் தொழுகை, தீட்டு, மாமியார் என்ற மூன்றுக்குள் அவை அடங்கிவிடும். சென்ற ஆண்டு வந்த ஒரு கேள்வி அப்படி அடங்கவில்லை. கேட்டவருடைய இசைவைப் பெற்று, அவரை இனங்காட்டும் விவரங்களை மாற்றி, அதை இங்கே எழுதுகிறோம்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. மார்பில் ஒரு கட்டி தென்பட்டு எட்டு மாதம் ஆகியும் யாரிடமும் சொல்லவில்லை. மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள், தேதி குறித்திருந்தார்கள். நிக்காஹ் முடியட்டும் என்று காத்திருந்தார். முடிந்தது. மருத்துவமனைக்குப் போனபோது கட்டி அக்குளில் இருக்கும் நெறிகளுக்கும் பரவியிருந்தது. குடும்பத்தில் யாருக்கேனும் இது இருந்ததா என்று மருத்துவர் கேட்டதற்கு, கணவர் ஒரு கணமும் யோசிக்காமல் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதே அவ்வளவுதான்.

உண்மை வேறு. இந்தப் பெண்ணின் லாத்தா முப்பத்தெட்டு வயதில் இறந்தது 'வயிற்றுக்கட்டி'யால். அது சினைப்பையில் வந்த புற்று. அத்தாவின் அக்காளான மாமி முப்பத்தாறு வயதில் இறந்ததும் மார்பில் வந்த நோயினால்தான். மாமியின் பெயரையே அந்த வீட்டில் அதிகம் எடுக்கமாட்டார்களாம். இரண்டாம் முறை மருத்துவர் கணவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோது, இவர் இரண்டையும் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு இரத்தப் பரிசோதனை. பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் பிறவியிலேயே ஒரு பிழை இருப்பது தெரிந்தது. "உங்கள் இரத்த உறவுகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும்" என்று மருத்துவமனையில் அறிவுறுத்தி அனுப்பினார்கள். வீட்டிலோ, சொன்னால் குடும்பத்தில் மணமாகாமல் இருக்கும் பெண்களின் கதி என்ன என்று தடுத்தார்கள்.

அவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "ஆலிமா, மறைப்பது மார்க்கமா, சொல்வது மார்க்கமா?"

விடை தேடுமுன் அந்த மரபணு என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. விளங்கியதை வகுப்பில் சொன்ன விதமாகவே இங்கும் சொல்கிறோம்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற இழை சுருண்டு கிடக்கிறது. நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு அது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி, ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துகள். இந்த ஏடு கல்வெட்டுப் போல அசையாமல் இருப்பதாகத்தான் விஞ்ஞானிகளே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அப்படி இல்லை, ஓர் உயிரணுவிலேயே ஒரு நாளில் பல்லாயிரம் சிதைவுகள் நேர்கின்றன. வெயில் சிதைக்கிறது, புகையிலை சிதைக்கிறது. நாம் உண்பதும் சுவாசிப்பதும்கூடச் சிதைக்கின்றன. அப்படியிருந்தும் நாம் உயிரோடு இருப்பதற்குக் காரணம், உடலுக்குள்ளேயே இரவு பகலாக நடக்கும் செப்பனிடும் வேலை. இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள்ளும் அது நடந்திருக்கும்.

2015ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு இந்தச் செப்பனிடுதலை விளக்கிய மூவருக்கு வழங்கப்பட்டது. டோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார். மூன்றாமவர் துருக்கியின் மார்தின் மாகாணத்தில் ஸாவூர் என்ற சிற்றூரில், பள்ளிக்கூடம் பார்த்திராத பெற்றோருக்கு எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். அந்த ஆண்டு நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவருடைய படம் சுற்றிச் சுற்றி வந்தது. 'முஸ்லிம் விஞ்ஞானி' என்று பெருமைப்பட்டதோடு சரி. அவர் எதைக் கண்டறிந்தார் என்று படத்தை அனுப்பிய ஒருவருக்கும் தெரியவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரால் கெட்டுப்போன துண்டை உயிரணு எப்படி வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறது என்பதை அவர் விளக்கினார். அந்த வெட்டி ஒட்டும் வேலை பிறவியிலேயே நடக்காத குழந்தைகள் உண்டு. வெயில் பட்டால் அவர்களுடைய தோல் கருத்துப் புள்ளி புள்ளியாகி, சிறு வயதிலேயே தோல் புற்று வரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால்தான் அந்த நோய். சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். மச்சான் முறை, மாமன் மகள் முறை நமக்கு ஹலால்தான். ஆகுமானது என்பதற்கும் ஏவப்பட்டது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பெற்றோர் நினைவில் வைத்தால் போதும். அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

நம் சகோதரியின் மரபணு செய்யும் வேலை இன்னும் கடினமானது. சில வேளை இழை இரு பக்கமும் அறுந்து இரண்டு துண்டாகிவிடும். மதரஸாவில் பழைய முஸ்ஹஃப் ஒன்றின் தாள் குறுக்கே கிழிந்துபோனதாக வைத்துக்கொள்வோம். அவசரக்காரர் இரு முனைகளையும் இழுத்து வைத்துப் பசை போட்டு ஒட்டிவிடுவார். தாள் ஒட்டிக்கொள்ளும்; கிழிந்த இடத்தில் இரண்டு மூன்று எழுத்து காணாமல் போயிருக்கும். பொறுப்பானவர் அப்படிச் செய்யமாட்டார். இன்னொரு முஸ்ஹஃபைப் பக்கத்தில் விரித்து, அதே இடத்தைத் தேடி எடுத்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து விடுபட்டதை நிரப்பிய பின்பே ஒட்டுவார். உயிரணுவிலும் இந்த இரண்டு முறைகளும் இருக்கின்றன. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரு மரபணுக்களும் இரண்டாவது முறைக்காக நியமிக்கப்பட்டவை. முதலாவது, அறுந்த முனையைச் சீர்செய்து வேலையைத் தொடங்கி வைக்கிறது. இரண்டாவது, ராட் 51 என்ற புரதத்தைக் கொண்டுவந்து அந்த முனையில் அமர்த்துகிறது. ராட் 51 அடுத்த பிரதியில் பொருத்தமான இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் உயிரணு அவசரக்காரரின் பசையை நம்பித்தான் இருக்க வேண்டும். எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும், பிழைகள் சேரும், ஒருநாள் அந்த உயிரணு கட்டளைக்குக் கட்டுப்படாமல் பெருகத் தொடங்கும்.

"பிறக்கும்போதே பிழை என்றால் பிறந்த அன்றே நோய் வந்திருக்க வேண்டாமா?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ரமளானில் தராவீஹ் தொழவைக்கும் ஹாஃபிழுக்குப் பின்னால் இன்னொரு ஹாஃபிழ் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். முன்னவர் தடுமாறினால் பின்னவர் எடுத்துக்கொடுப்பார். மரபணுவிலும் தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என இருவர். ஒருவர் பிறவியிலேயே ஊமையாக இருந்தாலும் மற்றவர் பல்லாண்டுகள் சமாளித்துவிடுவார். ஏதோ ஓர் உயிரணுவில் அந்த மற்றவரும் வீழும்போதுதான் ஆபத்து. அதனால்தான் இந்நோய் முப்பதிலும் நாற்பதிலும் வருகிறது. பிழையைச் சுமக்கும் சிலருக்கு ஆயுள் முழுதும் வராமலே போகிறது.

எவ்வளவு ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, பி.ஆர்.சி.ஏ.1 பிழையோடு பிறந்த பெண்ணுக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்று வருவதற்கு 72 விழுக்காடும், சினைப்பைப் புற்று வருவதற்கு 44 விழுக்காடும் வாய்ப்பு உண்டு. பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69, 17. அதே வேளை, மார்பகப் புற்று வந்த எல்லோருக்கும் இது காரணமன்று. நூறில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் பரம்பரைப் பிழை காரணம். யாரோ ஒரு பாட்டிக்கு எழுபது வயதில் வந்தது என்பதற்காக வீடே நடுங்க வேண்டியதில்லை. இளவயதில் வந்தது, ஒரே வழியில் பலருக்கு வந்தது, சினைப்பையில் வந்தது, ஆணுக்கு மார்பில் வந்தது என்றால் விசாரிக்க வேண்டும்.

இந்த நோய் குடும்பத்தில் ஓடுகிறது என்பதை உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1866இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் புற்று வந்ததைப் பதிவுசெய்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்ற பெண்மணி, ஒற்றை மரபணு இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடினார். பலர் நம்பவில்லை. 1990இல் அது 17ஆம் குரோமோசோமில் இருப்பதை அவர் காட்டினார். 1994இல் மரபணுவே கைக்கு வந்தது. கண்டுபிடித்த நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றுக்கொண்டு, பரிசோதனையைத் தானே விலைக்கு விற்றது. 2013 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள மரபணு யாருடைய கண்டுபிடிப்பும் ஆகாது என்று தீர்ப்பளித்தது. படைத்தவனுக்கு உரியதை நீதிமன்றம் போய் மீட்க வேண்டியிருந்ததே என்று வகுப்பில் ஒரு மூதாட்டி சிரித்தார்.

நம் ஊர்க் கதை இதைவிட நெருக்கமானது. பாலவாக்கத்தில் பேருந்து ஏறினால் திருவான்மியூர் தாண்டி அடையாறு. அங்கே உள்ள புற்றுநோய் நிலையத்தைச் சென்னையில் அறியாதவர் இல்லை. 'அடையாறுக்குப் போகிறார்கள்' என்றாலே பொருள் விளங்கிவிடும் அளவுக்கு ஊர்ப்பெயரே நோயின் மறுபெயராகிவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை அவர் மறைத்து வைக்கவில்லை. முப்பதாண்டு அதைச் சுமந்து, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அந்த நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை. எல்லாச் சமயத்து ஏழைகளும் அங்கே மருத்துவம் பெற்றிருக்கிறார்கள், நம் ஜமாஅத்தாரும்தான்.

அதே நிலையத்தில் டாக்டர் ராஜ்குமாரின் குழுவினர், பரம்பரையாகப் புற்று வரும் தென்னிந்தியக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2009இல் மேலும் விரிவான ஆய்வு வந்தது. குடும்பத்தில் நோய் உள்ளவர்களாகத் தேர்ந்து பரிசோதித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இவ்விரு மரபணுக்களில் ஒன்று பழுதாக இருந்தது. அவர்களில் பலரிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒரே பிழை: பி.ஆர்.சி.ஏ.1இன் தொடக்கத்திலேயே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன.

இரண்டு எழுத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். மரபணுவை உயிரணு மும்மூன்று எழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கிறது, நம் சிறுபிள்ளைகள் எழுத்துக்கூட்டி ஓதுவதைப் போல. 'படம் மரம் கடல்' என்பதில் முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடி மும்மூன்றாகக் கூட்டிப் பாருங்கள். 'ம்மர ம்கட ல்' என்று வரும். ஒரு சொல்லும் தேறாது. அதுபோல அந்த இடத்துக்குப் பின் வரும் முழுப் பாடமும் குலைந்து, புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இதே இரண்டெழுத்துப் பிழை கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்களிடையே மிகப் பரவலாக இருப்பதாக முன்பே அறியப்பட்டிருந்தது. அப்படியானால் அது எந்தக் கப்பலில் ஏறி இங்கே வந்தது என்ற கேள்வி எழுந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் இந்தியக் குடும்பத்தில் இப்பிழையைச் சுற்றியுள்ள எழுத்துகளை ஒப்பிட்டு, யூதர்களிடம் உள்ளதிலிருந்து வேறுபட்டுத் தனியாகவே தோன்றியிருக்கிறது என்று காட்டியது. ஒரே இடத்தில் இருவேறு மக்களின் ஏடு தனித்தனியே கிழிந்திருக்கிறது. நோயைச் சொல்லி ஒரு குலத்தையோ ஓர் ஊரையோ இழிவுபடுத்துபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் நமக்குத் தெரியாது.

மார்க்கத்துக்கு வருவோம். மரபணு பற்றி மார்க்கம் முன்பே சொல்லிவிட்டது என்று ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குப் பின்னும் ஆதாரம் தேடி ஓடும் வழக்கத்தில் நமக்கு விருப்பம் இல்லை. ஆனால் பரம்பரை என்ற ஒன்று உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் கையாண்ட விதம் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. தம் மனைவி கறுப்பான குழந்தையைப் பெற்றிருக்கிறாள் என்று ஐயத்தோடு வந்த ஒரு கிராமவாசியிடம், அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை விசாரித்தார்கள். செந்நிற மந்தையில் சாம்பல் நிற ஒட்டகமும் இருப்பதாக அவர் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, ஏதோ பழைய வேர் இழுத்திருக்கலாம் என்றார் அவர். அந்தக் குழந்தையையும் வேர் இழுத்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு பெண்ணின் மானம் அங்கே காக்கப்பட்டது. அதைக் காத்தது பரம்பரையைப் பற்றிய அறிவு. நம் வீடுகளிலோ அதே அறிவு பெண்ணின் மானத்துக்குக் கேடு என்று அஞ்சப்படுகிறது.

"கத்ரில் இருப்பதுதானே நடக்கும், பரிசோதித்து என்ன பயன்?" என்ற கேள்வி வராத வகுப்பே இல்லை. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து திரும்ப முடிவு செய்தபோது, அபூ உபைதா (ரலி) அவர்கள் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள். ஒரு கத்ரிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு கத்ருக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பசுமையான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அவனுடைய நாட்டப்படிதான் என்று உவமையும் சொன்னார்கள். பரிசோதனை என்பது எந்தக் கரை பசுமை என்று பார்ப்பது. பிழை உள்ள பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்; முப்பதிலிருந்து மேமோகிராமும் சேரும். வந்தாலும் கடுகளவில் கண்டுபிடிக்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் சினைப்பையை அகற்றிவிட மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஏனெனில் சினைப்பைப் புற்றை முன்கூட்டிக் காண நம்பத்தக்க வழி இல்லை. நலமாக உள்ள உறுப்பை அகற்றுவது படைப்பை மாற்றுவதாகாதா என்று கேட்கிறார்கள். அழகுக்காகச் செய்வதும் உயிரைக் காக்கச் செய்வதும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. அதற்கு மேல் ஒவ்வொருவரின் நிலையையும் மருத்துவரிடமும் கற்றறிந்த ஆலிமிடமும் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நோய் வந்தவருக்கும் இந்த அறிவு பயன்படுகிறது. பி.ஆர்.சி.ஏ. பழுதான கட்டியில் மிஞ்சியிருக்கும் வேறொரு செப்பனிடும் வழியையும் அடைத்து, அந்தக் கட்டியைத் தன் பிழையாலேயே மடியச் செய்யும் மாத்திரைகள் 2014 முதல் வந்திருக்கின்றன.

அந்தச் சகோதரியின் கேள்விக்கு விடை: பிறர் குறையை மறைப்பது நற்செயல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. குறை என்பது பாவம், இழிவு, வெட்கக்கேடு. மரபணுப் பிழை இவற்றில் எதுவுமன்று. நெருப்பு ஒரு வீட்டின் கூரையில் பற்றியிருப்பதை அடுத்த வீட்டாருக்குச் சொல்லாமல் இருப்பதை யாரும் 'மறைத்தல்' என்ற நற்செயலில் சேர்க்கமாட்டார்கள். உறவைப் பேணுவது என்பதைப் பெருநாள் பணமும் பிரியாணிச் சட்டியுமாகச் சுருக்கிவிட்டோம். தங்கைக்கு வரக்கூடியதைத் தங்கைக்குச் சொல்வது அதைவிடப் பெரிய உறவு பேணல். ஆனால் யாருக்குச் சொல்வது என்பதில் ஓர் எல்லை உண்டு. இரத்த உறவுகளுக்குச் சொல்வது அமானத். தெருவுக்குச் சொல்வது கீபத். சம்பந்தம் பேச வருவோருக்கு? பழுதைச் சுமப்பது நோயன்று. ஃபிக்ஹு நூல்கள் மண முறிவுக்குக் காரணமாக எண்ணும் குறைகளில் இது வருவதில்லை. ஆனாலும் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களின் நிலையை ஒளிக்காமல் எடுத்துரைத்தார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவர் நேராகக் கேட்டால் பொய் சொல்ல இடமில்லை. இது நம் புரிதல், ஃபத்வா அன்று.

அவருடைய வீட்டில் நாமும் ஒரு மாலை போய் உட்கார்ந்து பேசினோம். மாமியார் கடைசிவரை இசையவில்லை. "உன் மகளை அனுப்பிவிட்டாய், அடுத்தவள் மகளைப் பற்றி நினைத்தாயா?" என்று கேட்டார். அவருடைய அச்சம் பொய்யில்லை. இரண்டு சம்பந்தங்கள் 'அந்த வியாதி' என்ற ஒரு சொல்லாலேயே கலைந்ததை நாமும் பார்த்திருக்கிறோம். அப்படிக் கலைத்தவர்கள் நம்மைப் போல ஐவேளை தொழுகிறவர்கள்தான்.

அந்தச் சகோதரி வாதாடவில்லை. கீமோவின் இரண்டாம் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், பள்ளிவாசலில் கொடுத்த நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பதினான்கு பெயர்களை எழுதினார். ஆண்களின் பெயர்களையும் எழுதினார். இது பெண்கள் நோய், தாய்வழி நோய் என்று எண்ணுவதுதான் இதில் மிகப் பெரிய தவறான எண்ணம். பழுது மாமிக்கும் இவருக்கும் நடுவே இருந்த அத்தா வழியாகத்தான் வந்திருக்கிறது. அவருக்கோ ஒரு நோயும் வரவில்லை. எழுபதில் மாரடைப்பில் போனார். தந்தையானாலும் தாயானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. மகனுக்குப் போனால் அவன் பெண்மக்களுக்கும் போகலாம்.

ஒவ்வொருவரையும் அவரே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். ஒரே மாதிரியான நான்கு வாக்கியங்களை வைத்திருந்தார்: எனக்கு என்ன வந்திருக்கிறது, லாத்தாவுக்கும் மாமிக்கும் வந்தது என்ன, எதைப் பரிசோதிக்க வேண்டும், நான் வேறு யாரிடமும் உங்களைப் பற்றிப் பேசமாட்டேன். குடும்பத்தில் ஏற்கெனவே கண்டறிந்த பிழை என்றால் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும் என்பதையும் கேட்டவர்களுக்குச் சொன்னார். சிலர் அழுதார்கள். ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டார். தங்கை மறு வாரமே போனார். அவருக்கும் பழுது இருக்கிறது. வயது முப்பத்து நான்கு. எம்.ஆர்.ஐ.யில் இன்றுவரை ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நமக்கு வியப்பளித்தவர் பெரியத்தா. எழுபத்தாறு வயது, நாகப்பட்டினம் பக்கத்தில் இருக்கிறார், இறந்துபோன அக்காளின் பெயரை ஐம்பதாண்டுகளாக வாயெடுத்துச் சொல்லாதவர். அவருக்கு மூன்று பெண்கள். மூவரையும் அலைய விடுவானேன், தம் இரத்தத்தில் இல்லையென்றால் அவர்களுக்கு இந்த வழியில் வர இடமில்லையே என்று மருத்துவர் விளக்கியதைக் கேட்டுவிட்டு, பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து இரத்தம் கொடுத்தார். பரிசோதனைக்கு முன் ஆலோசகர் குடும்ப மரம் வரையும்போது, அக்காளின் பெயரையும் இறந்த வயதையும் அவரே சொன்னாராம். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அவரிடம் பழுது இல்லை. நாட்காட்டித் தாளில் மூன்று பெயர்கள் ஒரே நாளில் அடிக்கப்பட்டன.

பதினான்கில் ஒன்பது முடிந்திருக்கிறது. தொலைபேசியை வைத்துவிட்டவருக்கு இந்தப் பெருநாளன்று மறுபடியும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.